பழம்படங்களில் கோலாலம்பூர்

1884ஆம் ஆண்டளவில் எடுக்கப்பெற்ற நிழற்படம் ஒன்று, கோலாலம்பூரின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அறிந்தது. எடுத்தவர்கள் சிங்கப்பூரில் தொழில் நடத்திவந்த ஜி. ஆர். லாம்பர்ட்டு நிறுவனத்தார். உயர்ந்த இடம் ஒன்றில் நிழற்படப் பெட்டியை நிறுத்தி ஊரை நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். இடப்புறம் பாடாங் என்னும் திறந்த வெளி தெரிகிறது. இன்று மெர்டேக்கா சதுக்கம் என வழங்கும் இடம் அதுவே. அதற்கப்பால் தாழ்ந்த கூரைகள் வரிசையாகக் கிடக்கின்றன. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன கூரைகள் அவை. கோபுரம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, தண்டவாளம் இல்லை.

இப்படத்தைக் கண்டு, "இதுவா நம் கோலாலம்பூர்!" என்று வியவாதார் இல்லை. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் படத்தைப் பார்த்தவர் ஆவோமேயன்றிப் படித்தவர் ஆகமாட்டோம். கல்வெட்டொன்றைக் கண்ட புலவர், கல்லின் அழகைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்புவதில்லை. எழுத்தின் வடிவம் யாது, குறிக்கப்பட்ட அரசன் யார், சொல்லாமல் விட்டது எது என்றெல்லாம் ஆராய்கிறார். பழைய நிழற்படமும் அவ்வாறே ஆராயத்தக்க ஆவணமாகும். அதிலும் தமிழராகிய நமக்கு இவ்வாராய்ச்சி சற்றே கடினமானது. ஏனெனின், இந்நகரத்தின் பழம்படங்களில் நம்மவர் பெரும்பாலும் படத்தின் நடுவில் இல்லை. ஓரத்தில் இருக்கின்றனர், அல்லது இருளில் இருக்கின்றனர்.

முதலில் அப்படத்தையே எடுத்துக்கொள்வோம். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர், ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து, கோம்பாக்கு ஆறு அதனோடு கூடும் சேற்று முகத்தில் இறங்கினர். 'கோலா' என்பது ஆற்றுமுகம். 'லும்பூர்' என்பது சேறு. கிள்ளானில் இருந்த சிலாங்கூர் ஆட்சித் தலைமையகம் 1880இல் இங்கே மாறிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தீ ஊரை எரித்தது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் எஞ்சியதை இழுத்துச் சென்றது. 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்கு சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவன செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என 1884இல் விதி வகுத்தார். ஆகவே லாம்பர்ட்டு நிறுவனத்தார் படம் பிடித்த வேளை, பழைய ஓலை நகரம் போகவும் புதிய செங்கல் நகரம் வரவும் இருந்த வேளை. சில ஆண்டுகள் தாழ்த்தி வந்திருப்பின் அக்கூரைகளை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். இந்த ஒரு படம் விலைமதிப்பற்றதாகியது அதனாலேதான்.

செங்கல்லுக்கு விதி பிறந்தால் சூளைக்கும் இடம் வேண்டுமன்றோ? ஊருக்குத் தெற்கே, களிமண் மிகுந்த ஆற்றோரத்தில் சூளைகள் எழுந்தன. சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் அத்தொழிலில் முன்னின்றார். அவ்விடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரைப் பிரித்துப் பொருள் கண்டால் 'செங்கற் களம்' என்பதே. சீனர் அதனை இன்றும் 'பதினைந்தாம் கல்' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். நம்மவரோ ஆங்கிலப் பெயரையே தமிழ் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். ஒரே இடத்துக்கு மூன்று மொழியினர் மூன்று வழியில் பெயர் வழங்குவது மலாயா நாட்டு இயல்பு போலும்.

சூளையிலிருந்து வெளிவந்த செங்கல் எங்கே போயிற்று என்பதை அஞ்சலட்டைகள் காட்டுகின்றன. பாடாங்கின் கிழக்கே 1894இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1897 ஏப்ரலில் திறக்கப்பெற்ற அரசாங்கச் செயலகம், நாற்பது இலட்சம் செங்கற்களைக் கொண்டது என்பர். 1974 முதல் அது சுல்தான் அப்துல் சமது கட்டடம் என்று பெயர் பெற்றுள்ளது. ஏ. சி. நார்மன், ஆர். ஏ. ஜே. பிட்வெல், ஏ. பி. ஹப்பக் ஆகியோர் அதன் வரைவில் பங்குகொண்டனர். மாநிலப் பொறியாளராக இருந்த சி. இ. ஸ்பூனர், இசுலாமியர் வாழும் நாட்டுக்கு ஏற்ப வளைவும் குவிமாடமும் உடைய பாணியே வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர் இங்கு வருமுன் இலங்கையில் பணியாற்றியவர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் அச்செய்தி நமக்கு வேண்டியிருக்கும்.

அக்கட்டடம் எழுந்தபின் கோலாலம்பூருக்கு வந்த நிழற்படக்காரர் ஒருவரும் அதை விட்டுவைக்கவில்லை. அஞ்சலட்டை வாங்குவோர் விரும்பியது மணிக்கூண்டை; செங்கற்சூளையை வாங்கித் தாய்நாட்டுக்கு அனுப்ப எவரும் விரும்பார். விற்பனைக்கு எடுக்கப்பட்ட படம் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதை முதலிலேயே அறிந்துகொண்டால் பின்னர் ஏமாற்றம் இராது.

இனி, கையிற் கிடைத்த படத்தின் காலத்தை அறிவது எங்ஙனம்? படத்தின் அடியில் அச்சிட்ட ஆண்டை அப்படியே நம்புதல் கூடாது. பழம்பொருள் விற்போர்க்கு 'ஏறத்தாழ 1900' என்பது மிக எளிதாக வரும் சொல். நூலொன்றின் காலத்தை ஆராயும் தமிழாசிரியர்கள் மேலெல்லை, கீழெல்லை என இரண்டு வகுத்துக்கொள்வதை அறிவோம். அம்முறையே இங்கும் பயன்படும். முழுமை பெற்ற மணிக்கூண்டு தெரிந்தால் படம் 1897க்கு முற்பட்டதன்று. ஆறுகள் கூடும் இடத்தில் ஜாமெக் பள்ளிவாசல் தெரிந்தால் 1909இன் இறுதிக்குப் பிற்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. புகைவண்டி நிலையத்தின் வெண்ணிறக் கூண்டுகள் 1910இல் எழுந்தவை. எதிரே நிற்கும் இரயில்வேத் தலைமை அலுவலகம் 1917ஐச் சேர்ந்தது. டமன்சாரா சாலையில் சிலாங்கூர் அருங்காட்சியகம் சிதையாமல் நின்றால், படம் 1945 மார்ச்சுக்கு முற்பட்டது. சப்பானியர் ஆட்சியின் இறுதி மாதங்களில் நேசநாட்டு விமானங்கள் இரயில்வே நிலையங்களைக் குறிவைத்து வீசிய குண்டுகளுள் சில அதன்மேல் விழுந்தன. 1963இல் திறக்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகம் அவ்விடத்திலேயே நிற்கிறது.

கோயில்களும் இவ்வாறே உதவும். தம்புசாமிப் பிள்ளை 1873இல் தோற்றுவித்த மகாமாரியம்மன் கோயில் 1885இல் ஹை ஸ்திரீட்டுக்கு மாறிற்று. அத்தெருவின் பழம்படத்தில் இன்றைய ஐந்நிலைக் கோபுரத்தைத் தேடினால் ஏமாறுவோம். அஃது 1960களின் பிற்பகுதித் திருப்பணியின் பயன். பத்துமலைப் படங்களை மாணவர்களே காலவரிசைப்படுத்திவிடுவர்: 272 கற்காரைப் படிகள் 1940ஐ ஒட்டியவை, பெரிய முருகன் சிலை 2006இல் வந்தது, படிகளுக்கு வண்ணம் தீட்டியது 2018இல். வகுப்பறையில் ஒரு மணி நேரத்துக்கு இதனினும் நல்ல பயிற்சி வேண்டுமோ?

ஆயினும் இம்முறையில் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு கட்டடம் படத்தில் இருந்தால் அது கட்டப்பட்டுவிட்டது என்பது உறுதி. இல்லையெனில், கட்டப்படவில்லை என்று உடனே துணிதல் கூடாது. படச்சட்டத்துக்கு வெளியே நின்றிருக்கலாம், மரம் மறைத்திருக்கலாம். சங்கப் பாடலில் ஒரு பொருள் சொல்லப்படவில்லை என்பதால் அக்காலத்தில் அப்பொருளே இல்லை என்று வாதிடுவோரை நாம் மறுப்பதில்லையா? அதே நெறிதான். மேலும், கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்து அச்சிட்டதால் இடம் வலமாகிய படங்களும் உண்டு. கடைப்பலகை எழுத்துத் தலைகீழாகத் திரும்பியிருந்தால் அதனைத் தெரிந்துகொள்ளலாம்.

தெருப்பெயர்கள் தனியொரு தொல்லை. பழைய படத்தின் அடியில் 'ஜாவா ஸ்திரீட்' என்றிருக்கும். அது பின்னர் மவுண்ட்பேட்டன் ரோடு ஆகி, இப்போது ஜாலான் துன் பேராக். ஹை ஸ்திரீட் ஒருமுறை ஜாலான் பண்டார் ஆகி, மறுமுறை ஜாலான் துன் எச். எஸ். லீ ஆயிற்று. பத்து ரோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரகுமான். பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன். பாட்டனார் தம் கடிதத்தில் 'பத்து ரோட்டுக் கடை' என்று எழுதியிருக்க, பேரன் புதிய வரைபடத்தில் அப்பெயரைத் தேடிக் களைப்பதை நாம் காண்கிறோம். பெயர் மாற்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. துன் சம்பந்தனாரின் பெயர் அச்சாலைக்கு மிகப் பொருந்தும். பழைய பெயரையும் குறித்துவைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கட்டடங்களை விட்டுக் கடைகளுக்கு வருவோம். இங்கேதான் நம்முடைய வரலாறு இருளிற் போய் ஒளிகிறது.

சுவெட்டன்ஹாம் காலம் முதல் எழுந்த கடைவீடுகளின் முகப்பில், வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க ஐந்தடி அகலத் தாழ்வாரம் விட்டுக் கட்டினர். சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் 1822இல் வகுத்த நகரமைப்பிலேயே அவ்விதி உண்டு. நம்மவர் அதனை 'ஐந்தடி' என்பர், பேச்சுவழக்கில் 'அஞ்சடி'. கடையை வாடகைக்கு எடுக்க முடியாதவனுக்கு ஐந்தடியே கடை. வெற்றிலை பாக்கு விற்றவர், பூத்தொடுத்தவர், கடலை விற்றவர், செய்தித்தாள் பரப்பியவர், கிளிச் சோதிடம் பார்த்தவர் ஆகியோர் அமர்ந்த இடம் அது.

நண்பகல் வெயிலில் வெள்ளைச் சுண்ணாம்பு முகப்பை நோக்கி நிழற்படப் பெட்டியைத் திருப்புவோன், முகப்பின் ஒளிக்கேற்பவே தகட்டுக்கு ஒளி காட்டுகிறான். முகப்பின் பூவேலை, சாளரச் சட்டம், உச்சியில் பொறித்த ஆண்டு யாவும் துலங்குகின்றன. கீழே வளைவுகளுக்குள் இருப்பது வெறும் கருமை. ஐந்தடியில் அமர்ந்தவர் அக்கருமைக்குள் போய்விடுகிறார். தெருவில் நடந்தவருக்கும் இதே கதிதான். அக்காலத் தகடுகளுக்கு ஒளி காட்டும் நேரம் நீண்டது. நின்ற மாட்டுவண்டி நன்கு பதியும், சுமை தூக்கி நடந்தவர் புகைபோல் கலைவார். ஆகையினால் பழம்படங்களில் தெருக்கள் வெறிச்சோடித் தோன்றுகின்றன. "அக்காலத்தில் கோலாலம்பூர் எவ்வளவு அமைதியாக இருந்தது!" என்று சிலர் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். ஊர் அமைதியாக இல்லை. அசைந்தவர்கள் பதியவில்லை, அவ்வளவே.

மூலத் தகடு கிடைத்தால், இன்றைய மின்வருடிகளைக் கொண்டு அவ்விருளைச் சற்றே வெளிறச் செய்யலாம். சில வேளை ஒரு முழங்கால், ஒரு கூடை, ஒரு தலைப்பாகை வெளிப்படும். ஆனால் தகட்டில் ஒளி படாத இடத்தில் எக்கருவியும் உருவத்தைக் கண்டுபிடித்துத் தராது. கணினியைக் கொண்டு பழம்படங்களுக்கு வண்ணம் தீட்டி முகங்களைத் தெளிவாக்கும் வழக்கம் அண்மையிற் பரவியுள்ளது. கண்ணுக்கு இனிமையாகவே இருக்கிறது. எனினும் அந்த வண்ணமும் தெளிவும் கணினியின் ஊகம். சான்றாகக் கொள்ளத்தக்கன அல்ல. அக்காலத்து வண்ண அஞ்சலட்டைகளும் இவ்வகையினவே. கோலாலம்பூரைக் கண்ணாற் காணாத ஐரோப்பியத் தொழிலாளர், தம் அச்சுக்கூடத்தில் இருந்தவாறே வானத்துக்கு நீலமும் புடவைக்குச் சிவப்பும் பூசினர்.

பெருவணிகர் தம்மைத் தாமே படம்பிடிப்பித்துக்கொண்டனர். 1908இல் இலண்டனில் ஆர்னால்டு ரைட்டு, எச். ஏ. கார்ட்ரைட்டு ஆகியோர் பதிப்பித்த பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருந்தொகுப்பு அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. தோட்டத் துரைமார், ஈயச் சுரங்க முதலாளிகள், கப்பல் முகவர்கள், கடையுடையார் எனப் பக்கந்தோறும் படங்கள். வணிகர் தம்மை உலகுக்கு அறிமுகம் செய்துகொள்ளும் நோக்கத்தோடு பிறந்த நூல் அது. ஆதலின் அதில் எல்லாக் கடையும் தூய்மையாக இருக்கும், எல்லா முதலாளியும் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். கல்கத்தாவில் தோன்றிய வைட்டவே லெயிட்லா, சிங்கப்பூரிலிருந்து வந்த ஜான் லிட்டில், ராபின்சன் முதலிய அங்காடிகளின் படங்களும் இவ்வியல்பினவே. கண்ணாடிப் பேழை, பெரிய ஆங்கிலப் பெயர்ப்பலகை, வாயிலில் வண்டி.

இவற்றோடு லெபோ அம்பாங்கில் இருந்த செட்டியார் கிட்டங்கியை ஒப்பிட்டுப் பாருங்கள். கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த இடம். ஆனால் படத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? தரையில் பாய், முன்னே சாய்வான மேசைப்பெட்டி, கணக்கேடு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என வரிசை. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் தந்த கூடம், ஐரோப்பிய நிழற்படக்காரனின் கண்ணுக்கு ஒரு பொருளாகத் தோன்றவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

கடைக்குரிய அடையாளம் 'விலாசம்' என்று அவர்கள் வழங்கிய எழுத்துக்கோவை. மூன்று நான்கு தலையெழுத்துகள். அவற்றுள் பாட்டன், தந்தை, பங்காளி ஆகியோர் பெயர்கள் அடங்கியிருக்கும். வெளியாருக்கு அது வெறும் எழுத்து. விரித்துச் சொல்லத் தெரிந்தவர்க்கோ ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறும், சிவகங்கைச் சீமையில் எந்த ஊர் என்ற செய்தியும் அதில் உண்டு. அவ்வெழுத்துகளை விரிக்கத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். படம் இருந்தும் பொருள் போய்விடும் நிலை இது.

தமிழ்ப் பெயர்ப்பலகை தெரியும் படம் கிடைத்தால் தமிழாசிரியர் அதனை விடுதல் ஆகாது. எழுத்தின் வடிவமே ஒரு சான்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் பழைய கொம்பும் சுழியும் கொண்டனவா, சீர்திருத்த வடிவினவா என்று நோக்குக. பெரியார் 1935இல் தம் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதனை ஏற்றது. பின்னரே மலேசியப் பாடநூல்களிலும் பரவிற்று. ஆகவே மிகப் பழைய பலகையில் சீர்திருத்த எழுத்து இருந்தால், கடைக்காரர் எந்த இயக்கத்தின்பால் சாய்ந்தவர் என்ற வினா எழுகிறது. மறுதலையாக, பழைய எழுத்து இருப்பதனால் மட்டும் படம் பழமையானது என்று சொல்லிவிட முடியாது. பலகை எழுதும் ஓவியர் தாம் இளமையிற் கற்ற எழுத்தையே இறுதிவரை எழுதுவார். அரசாணை அவர் தூரிகையை உடனே திருப்பிவிடாது.

பலகையில் கண்ட பெயரைச் செய்தித்தாள் விளம்பரத்தோடு ஒத்துப்பார்த்தால் கடையின் முகவரியும் ஆண்டும் கிடைக்கும். கோலாலம்பூரில் 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' இதழின் பழைய தாள்கள் இவ்வகையில் பெருஞ்செல்வம். தலையங்கத்தைப் படிப்போர், அருகில் உள்ள சவுளிக்கடை விளம்பரத்தையும் படிப்பாராக.

இனி மனிதர் படங்கள். லாம்பர்ட்டு போன்ற நிறுவனங்கள் 'நாட்டு மக்கள் வகைகள்' என்று ஒரு வரிசை விற்றன. மலாயர் ஒருவர், சீனர் ஒருவர், தமிழர் ஒருவர் எனத் தனித்தனியே நிறுத்தி எடுத்த படங்கள். 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்பனவும், 'கிளிங்' என்னும் சொல்லும் அவற்றின் தலைப்புகளில் வரும். கலிங்கம் என்பதிலிருந்து பிறந்ததாகக் கூறப்படும் அச்சொல், காலப்போக்கில் நம்மவரை இகழும் சொல்லாயிற்று. அப்பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது. ஓர் ஊர் இருந்தது. படம் எடுத்தவர் கேட்கவில்லை. பூச்சியைக் குத்திவைத்து அதன் இனப்பெயரைக் கீழே எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதி இல்லை.

இதற்கு நேர்மாறானவை பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் இருந்த குழுப்படங்கள். முன்னே கூறிய ஸ்பூனர், 1901இல் மலாய்க் கூட்டரசு இரயில்வேயின் பொது மேலாளர் ஆனார். இலங்கையில் தாம் கண்டறிந்த ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரை இங்கே எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் சேர்த்தார். அவர்கள் இரயில்வேக் குடியிருப்புகளில் தங்கினர். ஸ்காட் ரோட்டுக் கந்தசுவாமி கோயில் 1902இல் தோன்றிற்று. விவேகானந்த ஆசிரமம் 1904இல். கோயில் நிருவாகக் குழு, வாசகசாலை, விளையாட்டுச் சங்கம், மேலதிகாரிக்குப் பிரியாவிடை என எதற்கும் ஒரு குழுப்படம். நடுவில் மாலையோடு துரை. இருபுறமும் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த பெரியோர். பின்வரிசையில் நிற்கும் இளைஞர். அட்டையின் அடியில் நிற்போர், இருப்போர் என வரிசை பிரித்துப் பெயர்கள் அச்சாகியிருக்கும். பெயர் உண்டு, தலையெழுத்து உண்டு, பதவியும் உண்டு. இவ்வட்டைகளைக் கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றையே எழுதலாம்.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருத்தல் நேர்மையாகாது. அக்குழுப்படங்களிலும் எல்லாத் தமிழரும் இல்லை. தண்டவாளம் பதித்த, மரக்கட்டை சுமந்த, செந்தூல் பட்டறையில் இரும்படித்த தமிழ்த் தொழிலாளர் அந்நாற்காலிகளில் அமரவில்லை. பெண்கள் மிக அரியர். துரையின் படம் நமக்குப் பெயர் தரவில்லை என்று வருந்தும் நாம், நம்மவர் எடுத்த படமும் நம்மவருள் பாதிப்பேரை வெளியே நிறுத்திற்று என்பதையும் எண்ண வேண்டும்.

கிள்ளானுக்குச் சென்றால் இந்நிலை இன்னும் தெளிவாகிறது. அங்கே மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று ராஜா அப்துல்லாவின் கிடங்கு, 1857ஐச் சேர்ந்தது, ஈயம் சேமித்த இடம். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட புகைவண்டி, கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவோடு நின்றது. ஆற்றின்மேல் பாலம் அமைந்தபின் 1890இல் ஊருக்குள் வந்தது. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பெற்றது. 1972 முதல் அதன் பெயர் போர்ட் கிள்ளான். துறைமுகத்தின் பழைய படங்களில் நேரான மரத்துறை, கப்பல், கிடங்கு, தண்டவாளம் யாவும் ஒழுங்காகத் தெரியும். திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அங்கு வேலை செய்தவர்களை வீழ்த்தியதைப் படம் சொல்லாது. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, புதரை அழித்து, நோயைக் கட்டுப்படுத்தினார். மலேரியா ஒழிப்பு வரலாற்றில் உலகறிந்த செயல் அது. அக்கால்வாய்களை மண்வெட்டியால் வெட்டியவர் யார் என்பதையும் படம் சொல்லாது.

அத்துறையிலேதான் நம் முன்னோர் பல்லாயிரவர் இறங்கினர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாக ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால், இன்றும் முதியோர் முகம் மலரும். கப்பலின் படம் எளிதாகக் கிடைக்கிறது. கங்காணியின் பின்னே தகரப்பெட்டியோடு இறங்கி வந்தவர் ஒருவரின் பெயரெழுதிய படம் ஒன்று கிடைப்பது அரிது. ஆற்றின்மேல் 1961இல் முடிந்த கோத்தா பாலத்தின் படங்களில் நிலை சற்றே மாறுகிறது. மேலடுக்கில் வண்டிகளும் கீழடுக்கில் நடப்போரும் செல்ல அமைந்த பாலம் அது. அப்போது கையில் நிழற்படப் பெட்டி வைத்திருந்தவர் துரை மட்டும் அல்லர்; தெங்கு கிளானா சாலைக் கடைக்காரரின் மகனும் வைத்திருந்தான்.

விலை குறைந்த கையடக்கப் பெட்டி வந்ததன் பயன் அதற்கும் முன்பே தெரிந்தது. 1900இல் ஒரு அமெரிக்க வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது கோடாக்கு நிறுவனத்தின் 'பிரவுனி'. 1926 டிசம்பரில் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தைப் பலரும் படம்பிடித்தனர். ஜாவா ஸ்திரீட்டில் வெள்ளம் நிற்க, மணிக்கூண்டு தொலைவில் தெரிகிறது. ஐந்தடியும் தெருவும் ஒன்றாகிவிட்டபடியால் எல்லாரும் வெளியே வந்து நிற்கின்றனர். அஞ்சலட்டைக்காரர் காட்டாத கூட்டத்தை வெள்ளம் காட்டிற்று.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்காகக் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' என்னும் செங்கல் வீடுகள் 2010களில் இடிக்கப்பட்டன. இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெருவெளியாக இருந்த இடத்தில் 2001 முதல் சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. 2010இல் அப்பகுதி 'லிட்டில் இந்தியா' என வளைவும் வண்ணமும் பெற்றது. விவேகானந்த ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது மக்கள் எதிர்த்து எழுந்தனர். கட்டடம் தப்பிப் பாரம்பரியச் சின்னமாகியது. ஆசிரமத்துக்காகப் போராட ஆள் கிடைத்தனர். சிறிய வீட்டுவரிசைக்கு அத்துணைப் பேர் கிடைக்கவில்லை.

அவ்வீடுகளின் முற்றமும் அடுக்களையும் இன்று எங்கே இருக்கின்றன? அங்கு வாழ்ந்த குடும்பத்தாரின் அலமாரிகளில் இருக்கின்றன. மூத்த மகளின் பூப்பு நீராட்டு, தம்பியின் முதல் மிதிவண்டி, தீபாவளிக் காலையில் வாயிற்படியில் நின்ற குழந்தைகள் எனப் படங்கள். எடுத்தவர் கருதியது குழந்தையை. பின்னால் தற்செயலாகப் பதிந்தவை சன்னல் கம்பி, ஓட்டுக்கூரை, கதவெண், அடுத்த வீட்டு மாமரம். பெரிய ஆவணக் களரிகள் மணிக்கூண்டைக் காக்கின்றன. இலண்டனில் முன்பு இருந்த மலாயாச் சங்கத்தின் படங்கள் கேம்பிரிட்ஜு பல்கலைக்கழக நூலகத்தில் நலமாகவே உள்ளன. மாமரத்தைக் காப்பவர் யாரும் இல்லை. முதியவர் மறைந்து வீடு மாறும்போது, பெயர் தெரியாத முகங்கள் என்று அப்படங்கள் குப்பையிற் போகின்றன.

பள்ளியாசிரியர்கள் மனம் வைத்தால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் ஓர் ஊரின் படங்களுக்குப் பெயர் எழுதிவிடலாம். மாணவன் படத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. படத்தோடு பாட்டியின் அருகில் அமர்ந்தால் போதும். முகங்களின் பெயரை மட்டும் கேட்டு நிற்கலாகாது. எந்த வீடு, அப்போது தெருவுக்கு என்ன பெயர், பின்னே தெரியும் கடை யாருடையது, படம் எடுத்தவர் யார், ஏன் அன்று எடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். மை ஊறி முன்புறம் கறைப்படும்; பந்துமுனைப் பேனா அழுத்தித் தடம் பதிக்கும். ஆதலின் மென்மையான பென்சிலால், படத்தின் பின்புற ஓரத்தில், இடமிருந்து வலமாக எழுதுக. இதழொட்டிய பழைய ஆல்பங்களிலிருந்து படத்தைப் பிய்த்தெடுக்க முயலாமல், பக்கத்தை அப்படியே கைப்பேசியில் படமெடுத்து, தனித்தாளில் குறிப்பெழுதி ஆல்பத்தோடு வைக்கலாம். பாட்டிக்கு நினைவில்லாத முகத்துக்கு நேரே கேள்விக்குறி இடுக. ஊகித்து ஒரு பெயரை எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அதனையே உண்மை என்று கொள்வார். சொன்னவர் பெயரையும், கேட்டெழுதிய நாளையும் அதன் கீழே குறிப்பது நன்று.